பிறந்த குழந்தையின் ஈறில் கட்டி: டர்பன் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியாகப் பணிபுரிந்தவள் நான். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க், வெருலம், டோங்காட் ஆகிய இடங்களில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களும், வேலை நிமித்தம் தமிழ்நாட்டிலிருந்து அண்மையில் வந்து குடியேறிய இளம் தம்பதியரும் என்னிடம் கேட்ட கேள்விகளையே இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். பிறக்கும்போதே சில குழந்தைகளின் ஈறில் காணப்படும் சதைக்கட்டிதான் இப்பக்கத்தின் பொருள். மருத்துவர்கள் இதைக் ‘கஞ்செனிட்டல் எபியூலிஸ்’ என்பார்கள். நான் பிறவி ஈறுக்கட்டி என்றே எழுதுகிறேன்.

கேள்வி: குழந்தை பிறந்தவுடனே வாயில் ஒரு சதைக்கட்டி துருத்திக்கொண்டிருக்கிறது. இது புற்றுநோயா?

பிறக்கும்போதே முன் ஈறிலிருந்து தொங்கும், வழவழப்பான, இளஞ்சிவப்பு நிறக் கட்டி பெரும்பாலும் பிறவி ஈறுக்கட்டியாகவே இருக்கும். அது புற்றுநோய் அல்ல. அது உடலின் வேறு இடங்களுக்குப் பரவுவதில்லை. பின்னாளில் புற்றாக மாறியதாகவும் பதிவு இல்லை. பிரசவ அறையில் தாய் முதலில் கேட்பது இந்தக் கேள்வியைத்தான் என்றாலும், அருகில் நிற்கும் செவிலியின் மனத்தில் அந்த நேரத்தில் ஓடுவது வேறு இரண்டு கேள்விகள்: குழந்தைக்கு மூச்சு சீராக இருக்கிறதா? பால் குடிக்க முடியுமா? கட்டியின் பெயரை உறுதி செய்ய நாட்கள் கிடைக்கும். மூச்சையும் பாலையும் அந்த நிமிடத்திலேயே பார்த்தாக வேண்டும். பச்சிளங்குழந்தை பெரும்பாலும் மூக்கு வழியாகவே சுவாசிப்பதால், வாயின் முன்பகுதியில் கட்டி இருந்தும் பல குழந்தைகள் சிரமமின்றி மூச்சு விடுகின்றன. கட்டி பெரிதாகித் தொண்டைப் பக்கம் சரியும்போதுதான் ஆபத்து. அத்தகைய குழந்தையை ஒருக்களித்துக் கிடத்தி, உயிர்வளி அளவைக் கருவியில் கவனித்தபடி வைத்திருப்போம்.

கேள்வி: அது பார்ப்பதற்கு எப்படி இருக்கும்?

ஈறின் விளிம்பில், பிற்காலத்தில் கோரைப்பல்லோ அதை அடுத்த வெட்டுப்பல்லோ முளைக்கவேண்டிய இடத்தில், நடுக்கோட்டுக்குச் சற்று விலகி இது காணப்படும். மேல் ஈறில் வருவது கீழ் ஈறில் வருவதைப்போல இரண்டு, மூன்று மடங்கு. பெரும்பாலானவை ஒரு காம்பில் தொங்கும். சில, அகன்ற அடியோடு ஈறில் ஒட்டியிருக்கும். பத்தில் ஒரு குழந்தைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகள் இருக்கும். அளவு பட்டாணி முதல் திராட்சைப்பழம் வரை இருப்பதே வழக்கம். மிக அரிதாக 9 சென்டிமீட்டர் வரை வளர்ந்தவையும் உண்டு.

நான் அருகிலிருந்து பார்த்த ஒரு பெண்குழந்தையின் கட்டி, உரித்த திராட்சையின் அளவில், உதட்டைவிடச் சற்று வெளிறிய சிவப்பில், ஈரமாக மின்னிக்கொண்டிருந்தது. குழந்தை அழும்போது அது வெளியே வந்து கீழ் உதட்டின்மீது படுத்துக்கொள்ளும். அழுகை அடங்கியதும் நாக்கு அதை மெல்ல உள்ளே இழுத்துக்கொள்ளும். உதடுகள் முழுமையாக மூடவில்லை என்பதால் வாயோரத்தில் எச்சில் வழிந்தபடியே இருந்தது. கையுறை அணிந்த விரலால் மருத்துவர் அதை மெதுவாகத் தூக்கிக் காட்டியபோது, அடியில் இருந்த காம்பு தீக்குச்சியின் தடிமன்கூட இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் அந்தத் தாயின் தோள்கள் தளர்ந்தன. அவர் அதுவரை, கட்டி மண்டைக்குள்ளிருந்து வளர்ந்து வருகிறது என்று எண்ணியிருந்தார். ஆகவே, காம்பைக் காட்டச் சொல்லி மருத்துவரிடம் கேட்கத் தயங்காதீர்கள்.

கேள்வி: இது ஏன் வருகிறது? கர்ப்பத்தில் நான் செய்த தவறா?

இல்லை. கிரகணத்தின்போது வெளியே வந்ததாலும், கத்தியை எடுத்ததாலும், பப்பாளி சாப்பிட்டதாலும், வயிற்றுப்பிள்ளைக்காரியின்மீது யாருடைய கண்ணோ பட்டதாலும் இது வருவதில்லை. கப்பலேறி வந்த நம் முன்னோர்கள் பல நல்ல பழக்கங்களைக் கட்டிக் காத்ததுபோல இந்தப் பயங்களையும் காத்துவைத்திருக்கிறார்கள். ‘உதடு பிளந்து பிறந்தால் கிரகணம், வாயில் கட்டியோடு பிறந்தால் கண்ணேறு’ என்று பிரசவ வார்டிலேயே மாமியாரும் அம்மாவும் பேசிக்கொள்வதைக் கேட்டு, கட்டிலில் கிடக்கும் பெண் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வதை நான் ஒருமுறை அல்ல, பலமுறை கண்டிருக்கிறேன். பெற்றவளின் காதில் விழும்படி காரணம் தேடாதீர்கள்.

இக்கட்டி எந்த வகைச் செல்லிலிருந்து தோன்றுகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. பாதிக்கப்படுபவர்களில் பெண்குழந்தைகளே மிகுதி. ஓர் ஆண்குழந்தைக்கு எட்டு முதல் பத்துப் பெண்குழந்தைகள் என்ற விகிதம் மருத்துவ நூல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. இதனால் தாயின் ஹார்மோன்கள் காரணமாக இருக்கலாம் என்ற கருத்து எழுந்தது. ஆனால் கட்டியின் செல்களில் அந்த ஹார்மோன்கள் பற்றிக்கொள்வதற்கான ஏற்பிகள் பொதுவாகக் காணப்படாததால் அது நிறுவப்படவில்லை. பரம்பரையாக வருவதாகவும் தெரியவில்லை; ஆகையால் அடுத்த குழந்தைக்கும் வந்துவிடுமோ என்று அஞ்சிக் குடும்பத்தைச் சுருக்கிக்கொள்ளத் தேவையில்லை.

கேள்வி: ஸ்கேன் எடுத்தோமே, அதில் ஏன் தெரியவில்லை?

கர்ப்பத்தின் நடுப்பகுதியில், ஏறத்தாழ இருபதாவது வாரத்தில் எடுக்கப்படும் ஸ்கேனில் இது பொதுவாக இருக்காது. கடைசி மூன்று மாதங்களில்தான் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்கிறது. அந்தக் காலத்தில் வேறு காரணத்துக்காக ஸ்கேன் எடுத்தால், குழந்தையின் வாயில் ஓர் உருண்டை தெரியக்கூடும். கட்டி பெரிதாக இருந்து குழந்தையால் பனிக்குட நீரை விழுங்க முடியாமல்போனால், நீர் அளவுக்கு மீறிச் சேரும். அதுவும் ஓர் அறிகுறி. அப்படி முன்கூட்டியே தெரிந்தால் குழந்தைகள் அறுவை மருத்துவர் இருக்கும் பெரிய மருத்துவமனையில் பிரசவத்தைத் திட்டமிடுவது நல்லது. மிகப் பெரிய கட்டிகளில், தொப்புள்கொடியை வெட்டாமல் வைத்துக்கொண்டே குழந்தையின் மூச்சுப்பாதையைச் சரிசெய்யும் முறை ஒன்று உண்டு. அது பெரும்பாலான குழந்தைகளுக்குத் தேவைப்படுவதில்லை.

கேள்வி: ‘இது முத்துதான், தானே போய்விடும்’ என்று ஆயா சொல்கிறார். அவர் சொல்வது சரியா?

ஆயா பார்த்தது என்ன என்பதைப் பொறுத்தது அது. பச்சிளங்குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அண்ணத்தின் நடுக்கோட்டிலோ ஈறின்மீதோ அரிசிக்குருணைபோன்ற வெண்ணிறப் புள்ளிகள் இருக்கும். அவை ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் அளவுள்ளவை, கடினமானவை. சில வாரங்களில், அதிகம் போனால் சில மாதங்களில், எதுவும் செய்யாமலே மறைந்துவிடும். அவற்றைப் பார்த்து ஆயா ‘முத்து’ என்றால் அவர் சொல்வதுதான் சரி. உப்பு வைத்துத் தேய்ப்பதும் நகத்தால் கீறுவதும் மட்டும் கூடாது.

பிறவிப்பல் வேறு. ஏறத்தாழ இரண்டாயிரம் முதல் மூவாயிரம் குழந்தைகளில் ஒன்று பல்லோடு பிறக்கிறது. அது பெரும்பாலும் கீழ் ஈறின் முன்பக்கத்தில், பல்லின் கடினத்தோடும் விளிம்போடும் இருக்கும்; ஆடிக்கொண்டிருக்கலாம்; நாக்கின் அடிப்பக்கத்தை உரசிப் புண்ணாக்கலாம். ஈறுக்கட்டியோ சதைபோல மென்மையாகவோ சற்றுக் கெட்டியாகவோ இருக்குமே தவிர, பல்லைப்போல ‘டக்’கென்று தட்டாது.

நான் மிகவும் கவலைப்படுவது மற்றொரு வகையைப் பற்றி. குழந்தை பிறந்து சில வாரங்களோ மாதங்களோ கழித்து, மேல் தாடையின் முன்பக்கத்தில் நீலம் அல்லது கருமை படர்ந்த வீக்கம் தோன்றி, வாரத்துக்கு வாரம் விரைந்து பெரிதானால், அது நிறமிச் செல்களைக் கொண்ட வேறொரு கட்டியாக இருக்கலாம். அதுவும் பெரும்பாலும் தீங்கற்ற வகையே எனினும், எலும்பை அரித்து, உள்ளே இருக்கும் பல் மொட்டுகளைத் தள்ளிவிடும். எடுத்த பின்னும் திரும்பி வரக்கூடும். இரத்தக்குழாய்க் கட்டிகளும் பெரும்பாலும் பிறந்த பின்னரே வளர்பவை. பிறவி ஈறுக்கட்டி இவற்றுக்கு நேர்மாறானது: பிறந்தபோதே முழு உருவத்தோடு இருக்கும், பிறந்த பின் வளர்வது நின்றுவிடும். ஆகவே மருத்துவரிடம் செல்லும்போது ‘பிறந்தபோதே இருந்ததா, பிறகு வந்ததா, வளர்கிறதா’ என்ற மூன்றுக்கும் தெளிவான விடையோடு செல்லுங்கள். முதல் நாளில் கைப்பேசியில் எடுத்த ஒரு படம் இதற்குப் பேருதவியாக இருக்கும்.

கேள்வி: காம்பு இவ்வளவு மெல்லியதாக இருக்கிறதே. நூல் கட்டிவிட்டால் தானே உதிர்ந்துவிடாதா?

தயவுசெய்து செய்யாதீர்கள். மருவுக்கும் பாலுண்ணிக்கும் குதிரை முடி கட்டிய பழக்கத்திலிருந்து இந்த எண்ணம் வருகிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் இந்தக் காம்பின் வழியே இரத்தக்குழாய் ஓடுகிறது. மூன்று கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் இருக்கும் மொத்த இரத்தமே கால் லிட்டர் அளவுதான்; நமக்குச் சிறிதாகத் தெரியும் கசிவு அதற்குச் சிறிதல்ல. அழுகும் சதையில் கிருமி பிடிக்கும். உறக்கத்தில் அறுந்து விழுந்தால் தொண்டையில் சிக்கும். அதோடு, வீட்டில் உதிர்ந்ததைக் குப்பையில் போட்டுவிட்டால் அது என்ன கட்டி என்று கண்டறியும் வழியே அடைபட்டுவிடும்.

கேள்வி: அறுவை வரையிலும் குழந்தைக்குப் பால் எப்படிக் கொடுப்பது?

கட்டி சிறிதாக இருந்தால் நேரடியாகவே தாய்ப்பால் கொடுத்துப் பார்க்கலாம். மார்பு மென்மையானது, கட்டியைச் சுற்றி வளைந்து கொடுக்கும். புட்டியின் காம்புக்கு அந்த இயல்பு குறைவு. கட்டி இல்லாத பக்கமாகக் குழந்தையின் முகத்தைச் சற்றுச் சாய்த்து, இருவித நிலைகளில் முயன்று பாருங்கள். மார்பைப் பற்றிக்கொண்டு, விழுங்கும் ஓசை கேட்டால் போதும்.

பற்ற முடியவில்லை என்றால் கலங்க வேண்டாம். முதல் இரண்டு மூன்று நாட்களில் வருவது சீம்பால். அதைக் கையாலேயே பீய்ச்சிச் சுத்தமான கிண்ணத்தில் எடுப்பது எளிது. அளவு குறைவு என்று எண்ணி அழும் தாய்மார்கள் அநேகர். முதல் நாளில் ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி அளவே குழந்தைக்குப் போதும்.

அதைக் கொடுக்க நம்மிடம் அருமையான கருவி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: பாலாடை. இங்குள்ள வார்டுகளில் மருந்து ஊற்றும் சிறிய கோப்பையைப் பயன்படுத்துகிறோம். ஒருமுறை, புதிதாகக் குடிவந்த ஒரு தாத்தா, ஊரிலிருந்து வந்த வெள்ளிப் பாலாடையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, ‘இதைக் கொதிக்க வைத்துவிட்டேன் அம்மா, உதவுமா?’ என்று கேட்டார். மிக நன்றாகவே உதவியது. குழந்தையைத் துணியில் சுற்றி, ஏறக்குறைய உட்கார்ந்த நிலையில் மடியில் வைத்து, பாலாடையின் மூக்கைக் கட்டி இல்லாத பக்கத்து உதட்டோரத்தில் தொடும்படி வையுங்கள். சில துளிகள் மட்டும் விழட்டும். குழந்தை நாக்கை நீட்டி நக்கி விழுங்கும் வரை பொறுத்து, அடுத்த துளிகளை விடுங்கள். வாய்க்குள் ஊற்றிவிடாதீர்கள், அவசரப்பட்டால் பால் மூச்சுக்குழாய்க்குள் போகும். முதல் வேளையைச் செவிலியின் கண்பார்வையில் செய்து பழகுங்கள். இதுவும் முடியாத குழந்தைக்கு மூக்கு வழியாக மெல்லிய குழாய் செலுத்திப் பால் கொடுப்போம்.

சேனை வைக்கும் வழக்கமுள்ள குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. சர்க்கரைத் தண்ணீர் தேவையில்லை. தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு நுண்கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். சடங்கு வேண்டுமென்றால் சீம்பாலையே ஒரு துளி நாவில் வைத்து வாழ்த்துங்கள்.

கேள்வி: அறுவை கட்டாயமா? காத்திருந்தால் சுருங்கிவிடாதா?

சிறிய கட்டிகள் அறுவை இல்லாமலேயே மாதக்கணக்கில் சுருங்கி மறைந்ததற்குப் பதிவுகள் உண்டு. குழந்தை நன்றாகப் பால் குடித்து, எடை ஏறி, மூச்சும் சீராக இருந்தால், மருத்துவரின் கண்காணிப்பில் காத்திருப்பது நியாயமான முடிவு. பால் குடிக்கத் தடையாக இருந்தாலோ, வாய் மூடவில்லை என்றாலோ, என்ன கட்டி என்பதில் ஐயம் இருந்தாலோ எடுத்துவிடுவதே முறை; நடைமுறையில் பெரும்பாலான குழந்தைகளுக்கு முதல் சில நாட்களிலேயே எடுத்துவிடுகிறார்கள். என் கருத்தைக் கேட்டால், பாலுக்காகப் போராடும் குழந்தையை ‘தானாகப் போகும்’ என்று வீட்டுக்கு அனுப்புவது சரியல்ல. எங்கோ ஒரு சிறு மருத்துவமனையில் அப்படி அனுப்பப்பட்டு, ஐந்தாம் நாள் கண் குழிந்து, நாக்கு வறண்டு எங்களிடம் வந்த குழந்தையை நான் மறக்கவில்லை.

அறுவை என்ற சொல்லைவிட அச்செயல் சிறியது. காம்பை அடியில் பிடித்து, கத்தியாலோ மின்சூட்டுக் கருவியாலோ லேசராலோ வெட்டி, இரத்தக் கசிவை நிறுத்தி, தேவையெனில் கரையும் நூலால் ஓரிரு தையல் போடுவார்கள். ஈறின் ஆழத்தில் உறங்கும் பால்பற்களின் மொட்டுகளைத் தொடாமலிருக்க, வேரோடு தோண்டி எடுப்பதில்லை. சிறிது மிஞ்சினாலும் இது மீண்டும் வளராது என்பதால், நல்ல அறுவை மருத்துவர் இங்கே கையை அடக்கித்தான் வெட்டுவார்.

மெல்லிய காம்புள்ள கட்டிக்கு, மரத்துப்போகும் ஊசி மட்டுமே போதும். அகன்ற அடியுள்ளதற்கும் பெரியதற்கும் முழு மயக்கம் தேவைப்படும். அதற்கு முன் தாய்ப்பாலை நிறுத்தவேண்டிய நேரத்தை மருத்துவமனை சொல்லும். வழக்கமாக அது நான்கு மணி நேரம். பிறந்தவுடன் போடப்படும் வைட்டமின் கே ஊசி குழந்தைக்குப் போடப்பட்டதா என்பதையும் அப்போது கேட்டு உறுதிசெய்யுங்கள். வீட்டில் பிறந்த குழந்தைகளுக்கு அது விடுபட்டுப்போவதுண்டு. அந்த ஊசி இல்லாவிட்டால் இரத்தம் உறைவது தாமதமாகலாம்.

கேள்வி: எடுத்த கட்டியை எதற்காகச் சோதனைக்கு அனுப்புகிறார்கள்? ஏதோ மறைக்கிறார்களா?

எதையும் மறைக்கவில்லை. கண்ணால் பார்த்து ஊகித்ததை நுண்ணோக்கியால் உறுதிசெய்வதற்காகவே அனுப்புகிறார்கள். இக்கட்டியை 1871ஆம் ஆண்டில் முதன்முதலாக விவரித்தவர் எர்ன்ஸ்ட் நாய்மான் என்ற ஜெர்மானிய நோயியல் அறிஞர். இரத்த அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகின்றன என்று கண்டவரும் அவரே. அதனால் இதற்கு நாய்மான் கட்டி என்றும் பெயர் உண்டு. நுண்ணோக்கியில் பார்த்தால், இளஞ்சிவப்பு நிறத் துகள்கள் நிரம்பிய பெரிய செல்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். பெரியவர்களின் நாக்கில் வரும் துகள்செல் கட்டியும் ஏறக்குறைய இப்படியே தோன்றும். ஆனால் எஸ்-100 என்ற புரதத்துக்கான சாயம் அதில் பற்றும், குழந்தையின் கட்டியில் பற்றாது. அறிக்கையில் ‘எஸ்-100 நெகட்டிவ்’ என்று கண்டு பதறிய ஒரு தந்தைக்கு, அது நல்ல செய்தி என்று நான் விளக்க வேண்டியிருந்தது. அறிக்கை வர ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். அதை வாங்காமல் விட்டுவிடாதீர்கள்; ஒரு பிரதியைக் குழந்தையின் ‘ரோடு டு ஹெல்த்’ என்ற உடல்நலப் பதிவுக் கையேட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிற்காலத்தில் பற்கள் சரியாக முளைக்குமா?

பெரும்பாலும் சரியாகவே முளைக்கும். அரிதாக அந்த இடத்துப் பல் ஒன்று வராமல்போனதும், தாடையின் அப்பகுதி சற்றுச் சிறுத்திருந்ததும் பதிவாகியுள்ளன. முதல் பல் தெரியும் காலத்தில் ஒரு பல் மருத்துவரிடம் காட்டினால் போதும்.

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் இதற்கு எங்கே செல்வது, செலவு எவ்வளவு?

அரசு மருத்துவமனைகளில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் 1994 முதல் சிகிச்சை இலவசம். தனியார் மருத்துவக் காப்பீட்டில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. டர்பன் அமைந்துள்ள குவாசுலு-நட்டால் மாகாணத்தில் உயர்நிலை அறுவைகள் நடக்கும் இன்கோசி ஆல்பர்ட் லுதுலி மத்திய மருத்துவமனைக்கு நேராகப் போய் நிற்க முடியாது. பிரசவம் நடந்த மருத்துவமனையோ உள்ளூர் கிளினிக்கோ பரிந்துரைத்து அனுப்ப வேண்டும். அந்தப் பரிந்துரையில் ‘பால் குடிக்க இயலவில்லை’ என்ற நிலை இருந்தால், அதை எழுதச் சொல்லிக் கேளுங்கள். வரிசையில் உங்கள் குழந்தையின் இடத்தை அந்தச் சொற்கள் மாற்றக்கூடும். தனியார் காப்பீட்டில் உள்ளவர்கள், பிறந்த 30 நாளுக்குள் குழந்தையின் பெயரைத் திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். பேர் சூட்டும் நாள் வரட்டும் என்று காத்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிட்டவர்கள் உண்டு.

கேள்வி: அறுவை முடிந்து வீட்டுக்கு வந்த பின் எதைக் கவனிக்க வேண்டும்?

பெரும்பாலான குழந்தைகள் அறுவை நடந்த சில மணி நேரத்திலேயே பால் குடிக்கத் தொடங்கிவிடுகின்றன. புண்ணின்மீது வெண்மஞ்சள் படலம் படிவது இயல்பு. அது சீழ் அல்ல, துடைத்தெடுக்காதீர்கள். மஞ்சளோ எண்ணெயோ திருநீறோ வாய்க்குள் வைக்க வேண்டாம். நெற்றியில் இட்டுக்கொள்ளத் தடையில்லை. எச்சிலில் இளஞ்சிவப்புச் சாயல் முதல் நாளில் இருக்கலாம். புது இரத்தம் நிற்காமல் வந்தாலோ, உதடு நீலம் பூத்தாலோ, மூச்சு விடும்போது நெஞ்சு உள்வாங்கினாலோ, 10177 என்ற எண்ணிலோ கைப்பேசியிலிருந்து 112 என்ற எண்ணிலோ உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். உடல் சூடேறினாலோ, எழுப்பியும் பாலுக்கு எழாமல் துவண்டு கிடந்தாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளில் ஆறு முறையாவது சிறுநீர்த் துணி நனைந்தால், பால் போதிய அளவு உள்ளே போகிறது என்று பொருள்.